பல்லேகலையிற் குடிபுகுந்த கோழிகள்

கண்டி மாநகரின் ஏரிக்கரையை விட்டுக் கிழக்கு முகமாக மகியங்கனை வீதியிற் செல்வோர்க்குச் சிறிது தூரத்திலேயே தென்னக்கும்புரைப் பாலம் எதிர்ப்படும். பாலத்தின் கீழே ஓடுவது மகாவலி கங்கை. 335 கிலோமீட்டர் நீளமுடையதாய், இலங்கையின் நதிகளுள் மிக நீண்டதாய் விளங்கும் இக்கங்கை, கண்டியை மேற்கிலும் வடக்கிலும் கிழக்கிலும் வளைத்துக்கொண்டு, பழைய இராசதானிக்கு அகழிபோல அமைந்திருக்கின்றது. பாலத்தைக் கடந்தவுடன் நில அமைப்பு மாறுகின்றது. நெருங்கி நின்ற மலைகள் சற்றே விலகி வழிவிட, அகன்ற பள்ளத்தாக்கு ஒன்று கண்முன்னே விரிகின்றது. அதுவே தும்பறைப் பள்ளத்தாக்கு. அதன் வடகிழக்கில், மூடிய கையின் விரல் மொழிகளைப்போல எழுந்து நிற்கும் நக்கிள்ஸ் மலைத்தொடரை வானம் தெளிந்த காலை வேளைகளில் நன்கு காணலாம்.

இப்பள்ளத்தாக்கிலே, நத்தரம்பொத்தையையும் குண்டசாலையையும் அடுத்து, திகணை நகருக்கு இப்பால் இருப்பது பல்லேகல. இன்று பல்லேகல என்றவுடன் இளைஞர்களின் நினைவுக்கு வருவது கிரிக்கெட் மைதானமே. 2010ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் முதலாவது டெஸ்ட் ஆட்டம் நடைபெற்ற அம்மைதானத்தில், மறு ஆண்டு உலகக் கிண்ண ஆட்டங்களும் நடைபெற்றன. கைத்தொழிற் பேட்டையும் மாகாண அரசின் காரியாலயங்களும் இங்கே உள்ளன. கண்டி நகரின் நடுவேயிருந்த போகம்பறைச் சிறைச்சாலை மூடப்பட்டபோது, கைதிகள் கொண்டுவரப்பட்டதும் இப்பகுதிக்குத்தான். ஆயினும் நாம் இங்கு வந்தது இவற்றைக் காண்பதற்கன்று. பெருவீதியை விட்டுக் கிளைப்பாதையில் இறங்கி, வீடுகளின் கொல்லைப்புறங்களைப் பார்ப்பதற்கே வந்தோம். அக்கொல்லைகளிலே கோழிகள் இருக்கின்றன. அவற்றை நம்பிச் சில குடும்பங்களும் இருக்கின்றன.

அரசர் வாழ்ந்த ஊர்

கோழியைப் பற்றிப் பேசுமுன் ஊரின் பழமையைச் சிறிது கூறுதல் பொருத்தமாகும். கண்டியைக் கடைசியாக ஆண்ட சிங்கள மன்னராகிய வீர பராக்கிரம நரேந்திரசிங்கன் (1707 – 1739) தம் அரண்மனையை அமைத்து விரும்பி வாழ்ந்தது குண்டசாலையில். அவர் மதுரையிலிருந்து பெண் கொண்டவர். அவர் மறைந்தபின் அரசியின் சகோதரர் 1739இல் முடி சூடினார். இவ்வாறாகவே தென்னிந்திய நாயக்க வமிசம் கண்டிச் சிம்மாசனத்தில் ஏறி, 1815 வரை ஆட்சி புரிந்தது.

ஆங்கிலேயர் காலத்தில் இப்பள்ளத்தாக்கு கோப்பித் தோட்டமாயிற்று. 1869இல் இலங்கையில் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின், பல தோட்டங்களில் கொக்கோ நடப்பட்டது. இன்றும் பல்லேகலையைச் சுற்றியுள்ள பழைய வளவுகளிலே, பலா மரத்தின் நிழலிற் கொக்கோச் செடிகள் நிற்பதைக் காணலாம். 1985இல் திறக்கப்பட்ட, 122 மீற்றர் உயரமுள்ள விக்டோரியா அணையினால் பழைய தெல்தெனிய நகரம் நீரில் மூழ்கியது. மக்கள் மேட்டு நிலங்களிற் புதிய வீடுகளை அமைத்துக்கொண்டனர்.

கண்டி நாட்டிற் கோழி வளர்ப்புக்கு ஒரு விநோதமான சாட்சியும் உண்டு. 1660இல் சிறைப்பிடிக்கப்பட்டு 1679 வரை இந்நாட்டிற் காவலில் வாழ்ந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681இல் இலண்டனில் வெளியிட்ட தம் நூலில், பன்றிகளையும் கோழிகளையும் வளர்த்துச் சீவித்ததைக் குறிப்பிடுகின்றார். தொப்பி பின்னி விற்றதும், நெல்லை வட்டிக்குக் கொடுத்ததும் அவருடைய ஏனைய தொழில்கள். பிறந்த ஊரையும் உறவையும் இழந்த ஒருவருக்குக் கைகொடுத்தவற்றுள் கோழியும் ஒன்றாயிருந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

குண்டசாலைக்கும் கோழிக்கும் இக்காலத்தில் வேறொரு தொடர்பும் உண்டு. கோழியின விருத்தியை ஆராயும் அரசாங்கத்தின் மத்திய கோழி ஆராய்ச்சி நிலையம் குண்டசாலையைச் சேர்ந்த கரந்தகொல்லையில் இருக்கின்றது. விவசாயப் பாடசாலையும் குண்டசாலையில் உள்ளது. நாட்டின் மிருக வைத்தியத்தைக் கற்பிக்கும் பல்கலைக்கழகப் பீடம் பேராதனையில் இருக்கின்றது. ஒரு கோழிக்கு நோய் வந்தால் விசாரிப்பதற்கு இப்பகுதியார்போல வாய்ப்புப் பெற்றவர் இலங்கையிற் குறைவு என்றே கூறலாம்.

முட்டை அரிதான காலம்

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை எம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எரிபொருளுக்கு வரிசை நின்றது போலவே, கோழித் தீனுக்கும் தட்டுப்பாடு ஏற்பட்டது. சோளம் கிடைக்கவில்லை, கிடைத்ததும் விலையேறியது. பண்ணைக்காரர் பலர் கோழிகளைக் குறைத்தனர். முட்டையின் விலை ஏழைகளின் கைக்கு எட்டாததாயிற்று. 2023 மார்ச் மாதத்தில் இந்தியாவிலிருந்து கப்பல்வழியாக முட்டை தருவிக்க நேர்ந்தது. வீட்டுக்கு நாலு கோழி வளர்ப்போம் என்ற எண்ணம் பல குடும்பங்களிற் பிறந்தது அக்காலத்திலேதான்.

எண்ணம் நல்லது. ஆனால் கோழியை வாங்குவது ஒரு காரியம். வாங்கிய கோழியை முட்டையிடச் செய்வது வேறு காரியம். சந்தையிலோ பண்ணையிலோ "இதோ முட்டையிடும் பருவம்" என்று சொல்லிக் கொடுத்த கோழி, வீட்டுக்கு வந்தபின் இரண்டு வாரம், மூன்று வாரம் என்று சும்மா இருக்கும். தீனுக்குக் காசு போய்க்கொண்டேயிருக்கும். கடைசியில் மனம் வெறுத்து, இறைச்சிக்கு விற்றுவிடுவார்கள். இவ்வாறு கைவிடப்பட்ட முயற்சிகள் எத்தனையோ.

ஒரு வீட்டின் கதை

பல்லேகலைக் கைத்தொழிற் பேட்டைக்கு அண்மையிலுள்ள ஒரு சிறு வீட்டிற்கு நாம் சென்றிருந்தோம். கால்நடைத் திணைக்களத்திற் பல்லாண்டு சேவை செய்து இளைப்பாறிய யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் எம்முடன் வந்திருந்தார். வீட்டுத் தலைவி தேயிலைத் தோட்டத்திற் பிறந்து வளர்ந்தவர். கணவர் தொழிற்சாலையில் வேலை செய்கின்றார். மூத்த மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கின்றாள். சீட்டுக் காசு எடுத்து, ஏறக்குறைய ஐந்து மாத வயதுடைய கபில நிறப் பேடுகள் பத்தை அந்த அம்மையார் வாங்கியிருந்தார். முட்டை விற்ற காசிலே மகளின் மாலை வகுப்புக்குக் கட்டணம் செலுத்துவது என்பது திட்டம்.

"பன்னெண்டு நாளாச்சுங்க ஐயா. ஒரு முட்டையக் கண்ணால பாக்கலீங்க. சனிக்கிழமை எறச்சிக் கடைக்காரர் வர்றேன்னு சொல்லியிருக்காரு. குடுத்துடலாம்னு இருக்கேன்," என்றார் அவர்.

பெரியவர் உடனே பதில் சொல்லவில்லை. கூட்டைச் சுற்றி ஒருமுறை நடந்தார். கூடு பாதையோரத்தில், மோட்டார் சைக்கிள்கள் ஓயாது செல்லுமிடத்தில் இருந்தது. நாலு முழ தூரத்தில் அயல்வீட்டு நாய் கட்டப்பட்டிருந்தது. தண்ணீர்ப் பாத்திரம் ஒன்றே ஒன்று, அதுவும் வெயிலில் இருந்தது. தீன் என்று இடப்பட்டது சோறும் தேங்காய்ப் பிண்ணாக்குமே. முட்டையிடுவதற்கென்று தனியிடம் கிடையாது. கொண்டுவந்த மறுநாளே கோழிகளைத் திறந்து விட்டதனால் அவை இரவில் மரக்கொப்பிலும் வேலியிலுமாகத் தங்கின. சிறுவர்கள் நாள்தோறும் காலையில் அவற்றைத் துரத்திப் பிடித்து, முட்டை வருமோ என்று தடவிப் பார்ப்பதும் வழக்கமாயிருந்தது.

பின்னர் பெரியவர் கோழிகளை ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தார். ஆறு கோழிகளின் கொண்டை வெளிறியிருந்தது. நாலு கோழிகளுடையது நன்கு சிவந்திருந்தது. சிவந்த கொண்டையுள்ள ஒன்றன் முதுகிலே கையை வைத்தபோது, அது ஓடாமற் பதுங்கி உட்கார்ந்தது. அவர் எதையோ தீர்மானித்தவராய், வளவின் கோடியிலுள்ள பழைய கொக்கோச் செடியின் அடிக்குச் சென்று, உதிர்ந்து கிடந்த சருகைக் கைத்தடியால் மெல்ல விலக்கினார். அங்கே நாலு முட்டைகள் கிடந்தன. காகம் கொத்தி உடைத்த ஒன்றன் ஓடும் அருகே கிடந்தது.

"ஐயோ, இதுங்க போட்டிருக்கே!" என்று அம்மையார் வியப்போடு கூவினார்.

"எல்லாம் போடேல்லை, பிள்ளை. ஒண்டுதான் போட்டிருக்கு. மற்றதுகள் பயத்திலை இருக்குதுகள். சனிக்கிழமைக்காரனை வரவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. முதலிலை உந்தப் பிள்ளையள் கோழியைக் கலைக்கிறதை நிப்பாட்டுங்கோ," என்றார் பெரியவர்.

கோழி ஏன் முட்டையிட மறுக்கின்றது?

அன்று பெரியவர் விளக்கியவற்றை, மாணவர்களுக்கும் பயன்படுமாறு ஒழுங்குபடுத்தித் தருகின்றோம்.

வீட்டுக் கோழியின் மூதாதை தென்கிழக்காசியக் காடுகளில் வாழும் செங்காட்டுக் கோழி. தாய்லாந்தின் பான் நோன் வாட் என்னுமிடத்திற் கிடைத்த, கி.மு. 1650 முதல் 1250 வரையான காலத்து எலும்புகளே ஐயமின்றி வீட்டுக் கோழியினுடையவை என்று கொள்ளத்தக்கவற்றுள் மிகப் பழையவை என 2022இல் வெளியான ஆராய்ச்சியொன்று கூறுகின்றது. நக்கிள்ஸ் காடுகளிற் கூவித் திரியும் எமது தேசியப் பறவையாகிய இலங்கைக் காட்டுக் கோழி, அதற்கு நெருங்கிய உறவினம். மூவாயிரம் ஆண்டுக்கு மேலாக மனிதரோடு வாழ்ந்தும், கோழியின் உள்ளத்தில் காட்டின் அச்சம் நீங்கவில்லை. பருந்தும் கீரியும் பாம்பும் சூழ்ந்த காட்டிலே, பாதுகாப்பில்லாத இடத்தில் முட்டையிடும் பறவையின் சந்ததி பிழைப்பதில்லை. ஆகவே, இடம் மாறினால், ஓசை கேட்டால், துரத்தப்பட்டால், அதன் உடல் முட்டையை ஆக்குவதை நிறுத்திவிடுகின்றது. பண்ணையிலிருந்து கூடையில் அடைபட்டு, லொறியிற் குலுங்கி, அறியாத முற்றத்தில் இறக்கப்பட்ட பேடு சில வாரம் முட்டையிடாதிருப்பது இயற்கையே.

இரண்டாவது, கோழிகளுக்குள் வரிசை உண்டு. யார் யாரைக் கொத்தலாம் என்பது அவற்றின் சமூகச் சட்டம். இவ்வுண்மையை உலகுக்கு எடுத்துரைத்தவர் நோர்வே நாட்டினரான தொர்லீஃப் ஷெல்டெருப்-எப்பே. சிறு பையனாயிருந்தபோதே தம் வீட்டுக் கோழிகளைக் கவனித்துக் குறிப்பெழுதத் தொடங்கிய அவர், 1922இல் ஜெர்மன் மொழியில் அதனை ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளியிட்டார். புதிய கோழிகள் சேர்ந்தவுடன் இவ்வரிசை குலைந்து, மீண்டும் அமையும்வரை கொத்தும் குத்தும் நிகழும். ஒரே தண்ணீர்ப் பாத்திரமும் ஒரே தீன் தொட்டியும் இருந்தால், பலமுள்ள இரண்டொரு கோழிகள் அதனைக் காவல் காத்துக்கொள்ள, எளியவை பட்டினி கிடக்கும். வெளிறிய கொண்டையுடைய கோழிகளுட் சில அவ்வாறு ஒதுக்கப்பட்டவையாகும்.

மூன்றாவது, தீன். ஒரு முட்டை உருவாவதற்கு 24 முதல் 26 மணி நேரமாகின்றது. அதில் ஏறக்குறைய 20 மணி நேரம் ஓடு அமைவதற்கே செல்கின்றது. ஒவ்வோர் ஓட்டிலும் 2 கிராமுக்குச் சற்று மேற்பட்ட கல்சியம் உண்டு. சோற்றிலும் பிண்ணாக்கிலும் அத்துணைக் கல்சியம் இல்லை. சோற்றிற் புரதமும் போதாது. முட்டையிடும் பேட்டுக்குரிய தீனில் நூற்றுக்கு 16 முதல் 18 பங்கு புரதமும், 3½ முதல் 4 பங்கு கல்சியமும் இருத்தல் வேண்டும். பண்ணையில் அத்தகைய தீனை உண்டு பழகிய கோழிக்குத் திடீரெனச் சோற்றைக் கொடுத்தால் அதன் உடல் தளர்வது வியப்பன்று.

நான்காவது, தண்ணீர். முட்டையின் உள்ளீட்டில் நாலில் மூன்று பங்கு நீரே. வளர்ந்த கோழியொன்று நாளொன்றுக்கு ஏறத்தாழக் கால் லீற்றர் நீர் அருந்தும். வெயிலிற் சூடேறிய நீரை அது விரும்புவதில்லை. ஒருநாள் தண்ணீரின்றி வாடினாற்கூட முட்டை குறைந்துவிடும்.

ஐந்தாவது, வெளிச்சம். கோழியின் தலையோட்டை ஊடுருவிச் செல்லும் ஒளியே மூளைக்குள் முட்டைப் பருவத்தைத் தூண்டுகின்றது. குளிர்நாடுகளிற் பனிக்காலத்தில் முட்டை அருகுவதற்குக் காரணம் இதுவே. பூமத்திய ரேகைக்கு அண்மையிலுள்ள கண்டியிலே பகற்பொழுது ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 11¾ மணி முதல் 12½ மணி வரையே இருக்கும். ஊர்க் கோழிக்கு அது போதும். கலப்பினக் கோழி நிறைய முட்டையிட வேண்டுமானால் 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் நல்லது.

ஆறாவதாக ஒரு தவறான நம்பிக்கையையும் பெரியவர் நீக்கினார். சேவல் இல்லாமையினாலே கோழி முட்டையிடவில்லை என்று அயலவர் சிலர் கூறியிருந்தனராம். பேடு முட்டையிடுவதற்குச் சேவல் அவசியமன்று. குஞ்சு பொரிப்பதற்கே சேவல் வேண்டும்.

செய்த ஏற்பாடுகள்

அன்று மாலையே வேலை தொடங்கிற்று. கூட்டை வீட்டின் பின்புறத்துக்கு மாற்றினார்கள். அயல்வீட்டாரிடம் பணிவாகச் சொல்லி, நாயையும் வேறிடத்திற் கட்டச் செய்தார்கள். கூட்டின் பாதையோரப் பக்கத்தைச் சாக்கினால் மறைத்து, மறுபக்கத்தைக் காற்றுக்கு விட்டார்கள். தரையில் உமி நாலு விரற்கடைக்குப் பரப்பப்பட்டது. கோழி இரவிலே தரையில் உறங்க விரும்புவதில்லையாதலால், வழவழப்பான கொப்பொன்றைக் குறுக்கே கட்டினார்கள். ஒரு கோழிக்கு எட்டு அங்குலம் இடம் வேண்டுமென்பது கணக்கு.

முட்டையிடுவதற்கு மூன்று மரப்பெட்டிகள் வைக்கப்பட்டன. நாலைந்து கோழிகளுக்கு ஒரு பெட்டி போதும். ஒவ்வொரு பக்கமும் ஓரடி இருந்தால் நன்று. அவை கூட்டின் இருண்ட மூலையில், தங்கும் கொப்பைவிடத் தாழ்வாக இருத்தல் வேண்டும். உயரமாக வைத்தால் கோழி அதிலேயே உறங்கி அசுத்தப்படுத்திவிடும். பெட்டியில் வைக்கோலிட்டு, முட்டை போன்ற வெள்ளைக் கூழாங்கல் ஒவ்வொன்று வைத்தார்கள். இங்கே முன்பே ஒருத்தி முட்டையிட்டிருக்கின்றாள் என்று எண்ணிப் புதுப்பேடும் அவ்விடத்தை நம்பும்.

ஏழு நாட்களுக்குக் கோழிகளை வெளியே விடவில்லை. இதுவே மிக முக்கியமான ஏற்பாடு என்றார் பெரியவர். எங்கே உண்பது, எங்கே உறங்குவது, எங்கே முட்டையிடுவது என்பவற்றைக் கோழி அந்த ஒரு வாரத்திற் கற்றுக்கொள்ளும். எட்டாம் நாள் முதல், பொழுது சாய்வதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பு திறந்து விட்டார்கள். இருட்டியதும் அவை தாமாகவே திரும்பிக் கூட்டை அடைந்தன. முட்டையிடத் தொடங்கியபின், காலை பத்து மணிக்குப் பிறகே திறப்பது என்று ஏற்படுத்திக்கொண்டார்கள். பெரும்பாலான கோழிகள் அதற்குள் முட்டையிட்டு முடித்துவிடுமாதலால், கொக்கோச் செடியடியைத் தேட வேண்டியதில்லை.

தீனை ஒரே நாளில் மாற்றவில்லை. முட்டைக் கோழித் தீனை முதலிற் கால் பங்காகச் சேர்த்து, பத்து நாட்களில் முழுவதுமாக மாற்றினார்கள். கோழியொன்றுக்கு நாளொன்றுக்கு 110 முதல் 120 கிராம் வரை கொடுக்கப்பட்டது. முருங்கையிலையும் கங்குன் கீரையும் சிறிதளவு உபகாரமாயின. சிப்பித் தூளைத் தீனிற் கலக்காமல் வேறு சிரட்டையில் வைத்தார்கள். முட்டையிடத் தொடங்காத இளம் பேட்டுக்கு மிகுந்த கல்சியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வேண்டிய கோழி வேண்டியபோது தானே கொத்தியெடுத்துக்கொள்ளும். இரவிலேதான் ஓடு பெரும்பாலும் உருவாவதால், பின்னேரத்திலே கோழிகள் அச்சிரட்டையை நாடுவதைக் கண்டு நாம் வியந்தோம். தண்ணீர்ப் பாத்திரங்கள் இரண்டாகி நிழலுக்கு மாறின. தீன் தொட்டியும் இரண்டாயிற்று. சாம்பலும் மணலும் நிறைந்த பழைய தாச்சி ஒன்று, அவை புழுதி குளித்துப் பேனைப் போக்கிக்கொள்ள வைக்கப்பட்டது. மூன்றாம் வாரத்திலிருந்து காலை நாலு மணிக்குச் சிறிய மின்விளக்கொன்று ஏற்றப்பட்டது. மாலையில் விளக்கேற்றித் திடீரென அணைத்தால், கொப்பில் ஏறாத கோழிகள் இருளிற் கலங்கும். ஆகவே வைகறை வெளிச்சமே சிறந்தது.

நோயும் பகையும்

வீட்டில் முன்பே கோழிகள் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புதியவற்றை உடனே பழையவற்றோடு சேர்த்தலாகாது. மூன்று நாலு வாரமாவது வேறிடத்தில் வைத்து, தும்மல், கழிச்சல், தூங்கி விழுதல் ஆகியன உண்டோ என்று பார்த்தபின்னரே, ஓர் இரவில், எல்லாம் கொப்பில் அமர்ந்தபின் சேர்த்தல் நன்று. பழைய கோழிகளுக்கு முதலிலும் புதியவற்றுக்குப் பின்னருமாகத் தீனிட வேண்டும். 1926இல் ஜாவாத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகருக்கருகிலும் இனங்காணப்பட்டு, எம்மவரால் இராணிகெட் என்று அழைக்கப்படும் கொள்ளை நோய், ஒரு கோழி மூலமாக ஒரு கிராமத்தையே காலி செய்யவல்லது. அதற்குத் தடுப்பு மருந்து உண்டு. கோழியை வாங்கும்போதே, எந்தெந்தத் தடுப்பு மருந்து எத்தேதியிற் கொடுக்கப்பட்டது என்று கேட்டு எழுதிக்கொள்ளுதல் அவசியம். ஐயம் தோன்றினால் அப்பகுதி அரசாங்க மிருக வைத்தியரிடம் செல்லுதல் வேண்டும்.

பல்லேகலை போன்ற ஊர்களில் இரவுப் பகைகளும் உண்டு. கீரியும் மரநாயும் சிறு துவாரத்தின் வழியாகவும் நுழைந்துவிடும். அகன்ற கண்ணுள்ள கோழிவலை கோழியைத் தடுக்கும், கீரியைத் தடுக்காது. ஆதலால் கூட்டின் கீழ்ப்பகுதிக்கு நெருங்கிய கம்பிவலை வேண்டும். முட்டையை மாலைவரை விட்டுவைத்தாற் சாரைப்பாம்பும் வரும். கோழியே முட்டையைக் கொத்திக் குடிக்கப் பழகிவிடுவதும் உண்டு.

மகளின் கணக்குப் புத்தகம்

ஆறு வாரத்தின் பின்னர் நாம் மறுபடியும் அவ்வழியே செல்ல நேர்ந்தபோது, அம்மையார் எமக்குக் காட்டியது கோழிகளையன்று. மகள் எழுதிய கொப்பியை. கோடு கிழித்து, நாள், தீன், முட்டை, குறிப்பு என்று நாலு பத்தி பிரித்திருந்தாள். கூட்டில் அடைத்த ஒன்பதாம் நாள் பெட்டியில் முதலாவது முட்டை. பதினோராம் நாள் இரண்டு. அவற்றுள் ஒன்று ஓடில்லாத தோல்முட்டை. இளம் பேட்டின் முதல் முட்டைகள் அவ்வாறு இருப்பதுண்டு, பயப்பட வேண்டியதில்லை. மூன்றாம் வார முடிவில் நாளுக்கு நாலு. ஒருநாள் அயலிற் பட்டாசு வெடித்ததாகக் குறிப்பு; மறுநாள் இரண்டே முட்டை. ஆறாம் வாரத்தில் ஏழு, எட்டு.

கணக்கையும் அவள் போட்டிருந்தாள். பத்துக் கோழிகளும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,150 கிராம் தீன் உண்டு ஏழெட்டு முட்டையிட்டால், ஒரு முட்டைக்கு 150 கிராம் தீன் செலவாகின்றது. அதாவது, பத்து முட்டையின் விலை ஒன்றரைக் கிலோ தீனின் விலையைவிட எவ்வளவு கூடுதலாக இருக்கின்றதோ அவ்வளவே மிச்சம். நாலு முட்டையே கிடைக்கும் நாளில் அதே தீனுக்கு ஒரு முட்டைக்கு 290 கிராம் போய்விடுகின்றது. தீன் விலையேறினால் எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் இக்கணக்கிலிருந்து தெரியும். முட்டையில் ஒரு பகுதி வீட்டுக்கு. மற்றவை அடுத்த தெருக் கடைக்கு. மாலை வகுப்புக் கட்டணத்தின் பெரும்பகுதி இப்போது கோழிக் கூட்டிலிருந்தே வருகின்றது. சீட்டுக் காசும் அடைபட்டு வருகின்றது.

"அந்தச் சனிக்கிழமை குடுத்திருந்தா, கடனும் நிக்கும், கோழியும் போயிருக்குங்க," என்றார் அம்மையார்.

ஆயினும் இது பெருஞ் செல்வம் தரும் தொழில் என்று எவரும் மயங்க வேண்டாம். கலப்பினக் கோழி முதலாண்டில் 300 வரை முட்டையிட்டாலும், இரண்டாம் ஆண்டிற் குறைந்துவிடும். இறகு உதிரும் காலத்தில் முட்டை நின்றுவிடும். ஊர்க் கோழியோ ஆண்டுக்கு அதில் ஒரு சிறு பங்கே இடும்; ஆனால் அடைகாத்து, 21 நாளிற் குஞ்சு பொரித்து, தன் இனத்தைத் தானே பெருக்கிக்கொள்ளும். இரண்டு இனங்களிலும் சிலவற்றை வளர்ப்பதே சிறு குடும்பங்களுக்கு நலம் என்பது பெரியவரின் முடிவு.

வாங்கும்போது மலிவை மட்டும் பாராமல், வயதையும் தடுப்பு மருந்தையும் உண்டு பழகிய தீனையும் விசாரித்து, முடிந்தால் அதே தீனிற் சில கிலோ கேட்டு வாங்கிவர வேண்டும். கூட்டை முதலில் அமைத்து, கோழியைப் பின்னர் கொண்டுவர வேண்டும். மாலை வேளையிற் கொண்டுவந்து, இருளிலே கூட்டில் விட்டால் அவை அமைதியாக இருக்கும். அதன்பின் மூன்று வாரம் பொறுத்திருக்க வேண்டும். வீட்டில் மாணவர் இருந்தால் அவர்களிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, நாள்தோறும் கண்டதை எழுதச் சொல்லுங்கள். இறைச்சிக் கடைக்காரருக்கு ஆளனுப்புமுன் அந்தக் கொப்பியையும், வளவின் கோடியிலுள்ள செடிகளின் அடியையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.